படகு வரும் சொல்

அவசர உதவி அறையில் அவளுக்கு டிக்‌ஷனரி அக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளம் வாங்க மட்டும்தான் பயன்பட்டது. போனில் அழுகையும் திட்டுமாகத் தமிழில் வருவதைக் கேட்டு, கணினியில் இரண்டு வரி ஆங்கிலமாக ஏற்றுவது அவள் வேலை. ஒரு சொல் கிடைக்காமல் தவித்தால் பக்கத்து நாற்காலிக்காரர்கள் அவளைத்தான் பார்ப்பார்கள். தூறினால் டிரிசில், கொட்டினால் டவுன்போர், சட்டென்று அடித்துப் புரட்டிக்கொண்டு வந்தால் ஃபிளாஷ் ஃப்ளட். "தண்ணி காட்டுறதுக்கு இங்கிலீஷ்ல என்னக்கா?" என்று லாரி டிரைவர் கேட்டபோது மட்டும், "அத நம்ம ஆபீசர்கிட்ட கேளுங்க, அவருக்குத்தான் நல்லா வரும்" என்று நழுவிவிட்டாள்.

அந்த அறையில் ஒரு வழக்கம் உண்டு. 'வாட்டர்லாகிங்' என்று எழுதினால் தண்ணீர் இறைக்கும் பம்ப் லாரி போகும். 'ஃப்ளட்' என்று எழுதினால் படகு போகும். ஆனால் வெள்ளம் என்று மேலிடம் அறிவிக்கிறவரை எதுவும் வெள்ளம் இல்லை, தேங்கிய தண்ணீர்தான். கழுத்து வரைக்கும் வந்தாலும் தேங்கிய தண்ணீர்தான்.

கால்வாய்க் கரை உடைந்த காலையில் ஆபீசர் அறைக்குள் வந்து இதையே நினைவுபடுத்தினார். எதற்கெடுத்தாலும் ஒரு ஆங்கிலப் பழமொழி சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. "ஒருத்தருக்கு ஃப்ளட்னு போட்டீங்க, அவ்வளவுதான், ஃப்ளட்கேட்டத் திறந்து விட்ட மாதிரி. ஊரே போட் கேக்கும். நம்மகிட்ட இருக்கறது ஒண்ணே ஒண்ணு. ஆர்டர் வரட்டும்."

அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அவள் தலையாட்டினாள்.

முதலில் வந்த அழைப்புகளில் ஒன்று, ஐஸ் ஃபேக்டரிக்குப் பின்தெருவிலிருந்து ஒரு தையல்காரரின் மனைவியுடையது. "மேடம், வெள்ளம் வீட்டுக்குள்ள வந்துருச்சு. அவருக்கு எந்திரிச்சு நடக்க முடியாது. நான் ஒருத்தியாத் தூக்கவும் முடியல."

"பயப்படாதீங்கம்மா, வண்டி அனுப்பறோம்."

வாட்டர்லாகிங் என்று எழுதினாள். அந்தப் பெண் மறுபடி கூப்பிட்டாள். கட்டில்மேல் நாற்காலியைப் போட்டு அவரை உட்கார வைத்திருப்பதாகச் சொன்னாள். "வண்டி வந்துட்டே இருக்கும்மா" என்றாள் அக்கா. லாரி பாலத்துக்கு இந்தப் பக்கமே எஞ்சினில் தண்ணீர் ஏறி நின்றுபோனது அவளுக்குத் தெரியும். எழுதிய சொல்லை மாற்றலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். நமக்கேன் வம்பு என்று அடுத்த போனை எடுத்தாள்.

எடுத்தால், அவளுடைய தங்கை.

"அக்கா, நான்தான்! இடுப்புக்கு வந்துருச்சுக்கா. பிள்ளைங்கள பரண்ல ஏத்தி வெச்சிருக்கோம். யாரையாச்சும் அனுப்புக்கா!"

அதே தெரு. தையல்காரர் வீட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம்.

ஆபீசர் அப்போது அறையில் இல்லை. அவள் ஃப்ளட் என்று எழுதினாள். இந்த முறை ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. படகு கிளம்பிப் போனது. தங்கை, தங்கை புருஷன், பிள்ளைகள், படகுக்காரர்கள் என்று அதிலேயே நிறைந்துவிட்டது. வழியில் தையல்காரர் வீட்டு ஜன்னலிலிருந்து ஒரு பெண் கத்தியிருக்கிறாள். இவங்கள விட்டுட்டு வர்றோம் என்று படகுக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள். சொன்னபடி திரும்பியும் போனார்கள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தவளை மட்டும்தான் ஏற்ற முடிந்தது.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? மத்தியானம் சாவகாசமாக அறிவிப்பு வந்தது. வெள்ளம்தானாம்.

தன் வேலை போய்விடும் என்றுதான் அவள் எதிர்பார்த்தாள். போயிருந்தால் ஒருவேளை நிம்மதியாகக்கூட இருந்திருக்கும். ஆபீசரோ தோளைக் குலுக்கிக்கொண்டு, "விடும்மா, வாட்டர் அண்டர் தி பிரிட்ஜ்" என்றார். பாலத்துக்கு அடியில் ஓடிப்போன தண்ணீராம். பாலமே தண்ணீருக்கு அடியில் கிடந்த நாள் அது.

தங்கை குடும்பத்தை ஒரு பள்ளிக்கூட ஹாலில் தங்க வைத்திருந்தார்கள். உயிர் பிழைத்தவளுக்கு வாய் நிற்குமா? பாய் விரித்திருந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். "எங்கக்கா ஆபீஸ்ல ஒரே ஒரு வார்த்தை எழுதினா. போட் வாசல்ல வந்து நின்னுச்சு!" நன்றியில் சொன்னதுதான். அவள்மேல் குற்றம் இல்லை.

தண்ணீர் வடிந்து, அழைப்புகள் குறைந்திருந்த ஒரு காலையில் போன் அடித்தது. குரலை அக்கா உடனே அடையாளம் கண்டுகொண்டாள்.

"மேடம், அன்னிக்கு நீங்கதானே பேசினீங்க? ஐஸ் ஃபேக்டரி பின்தெரு."

"ஆமாம்மா."

"சண்டை போடக் கூப்பிடல மேடம். எங்க ஹால்ல ஒரு பொண்ணு சொல்லுது, ஏதோ ஒரு வார்த்தை இருக்காம், அதச் சொன்னாத்தான் போட் வருமாம். நான் அதிகம் படிக்கல. பதட்டத்துல தப்பாச் சொல்லிட்டேன் போல. அவர் வேற, சத்தமாச் சொல்லுடின்னாரு, நான் சத்தமாத்தான் சொன்னேன். அது என்ன வார்த்தைன்னு மட்டும் சொல்லுங்க. மறுபடி எப்பவாச்சும் வந்தா, பக்கத்துல இருக்கறவங்களுக்காவது சொல்லிக் குடுப்பேன்."

அக்கா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தெரியாது என்று சொல்லலாம். ஆர்டர் வரவில்லை என்று சொல்லலாம்; அது பொய்கூட இல்லை.

"நீங்க தப்பாச் சொல்லலம்மா" என்றாள். "வெள்ளம்னு சரியாத்தான் சொன்னீங்க. நான்தான் அப்படி எழுதல."