ஆறு கொடித் துணி

போன வருடம் ஜூலையில், ஆஸ்திரியாவில் ஒரு ஏரிக்கரையில் இது நடந்தது. அந்த ஏரியின் பெயர் எனக்குச் சரியாகச் சொல்ல வராது, அதனால் எழுதவில்லை. மகளுடைய காரில் நாங்கள் கிளம்பி அன்று ஆறாவது நாள். மதியம் இரண்டரை மணி இருக்கும்.

நான் ஏன் அங்கே போனேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு அறுபத்தொரு வயது. கோலார் தங்க வயலில், கோரமண்டல் என்ற பகுதியில் பிறந்து இன்றும் அங்கேயே இருக்கிறேன். பெங்களூரில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் பிழை திருத்துபவராகச் சேர்ந்து உதவி ஆசிரியராக ஓய்வு பெற்றேன். இருபத்தாறு வருடம் காலை ரயிலில் போய் இரவு ரயிலில் திரும்பிய வாழ்க்கை. சுரங்கத்தை மூடியபோது வேலை இழந்த என் கணவர் மூன்று வருடங்களுக்கு முன் காலமானார். ஒரே மகள் ஜெர்மனியில் வேலை செய்கிறாள். போய் ஒன்பது வருடம் ஆகிறது.

கணவர் போன பிறகு என் தம்பி ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். கோரமண்டல் வீட்டை விற்றுவிட்டு பெங்களூரில் அவன் வீட்டு மாடிக்கு வந்துவிட வேண்டுமாம். நான் பதில் சொல்லாமல் தள்ளிப்போட்டேன். மகள் திரும்பி வருவதாக இருந்தால் அந்த வீடு வேண்டும். வரமாட்டாள் என்றால் எனக்கு ஒருத்திக்கு மூன்று அறை எதற்கு? இதை அவளிடம் போனில் கேட்க மனம் வரவில்லை. அப்போதுதான் அவள், ரெண்டு வாரம் லீவு போடுகிறேன், நீ வா, கார்லயே நாலு நாடு சுத்தலாம், கேம்ப்ல தங்கிக்கலாம் என்றாள். ஊர் பார்க்கும் ஆசை எனக்கு அவ்வளவாக இல்லை. நேரில் கேட்டுவிடலாம் என்றுதான் விமானம் ஏறினேன்.

கேம்ப் என்ற சொல்லில் முதலில் ஏமாந்தேன். எங்கள் ஊரில் கேம்ப் என்றால் குடியிருக்கும் இடம். வெள்ளைக்காரர் காலத்தில் சுரங்கத் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிக் கொடுத்த ஒற்றை அறை வீடுகளுக்கு லைன் வீடு என்று பெயர். பல லைன்கள் சேர்ந்தது ஒரு கேம்ப். ‘நீ எந்தக் கேம்ப்பு?’ என்று கேட்டுத்தான் இன்றும் ஒருவரை ஒருவர் விசாரிப்போம். அந்த நினைப்பில் நான் இரண்டு நல்ல பட்டுப் புடவையும் எடுத்துப் போயிருந்தேன். போய்ப் பார்த்தால் கூடாரம். பதினான்கு முளை அடிக்க வேண்டும். காற்றடைத்த மெத்தையில் படுத்தால் ஒருவர் புரளும்போது மற்றவர் உருண்டுவிடுவார். கழிப்பறைக்கு நூற்றுநாற்பது தப்படி நடக்க வேண்டும்.

நான் பிறந்த லைன் வீட்டிலும் இதே கதைதான். பொதுக் குழாய், பொதுக் கக்கூஸ், சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவரின் இருமல். அதிலிருந்து வெளியே வந்து, வீட்டுக்குள்ளேயே கழிப்பறை வைத்துக் கட்டிக்கொள்ள எனக்கும் கணவருக்கும் ஏழு வருடம் பிடித்தது. இப்போது விசா வாங்கி, கடல் தாண்டி வந்து, கையில் சோப்பு டப்பாவோடு மறுபடியும் வரிசையில் நிற்கிறேன். மகளிடம் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, “இதுக்கு இங்க ஆறு மாசம் முன்னாடியே புக் பண்ணணும்மா” என்றாள்.

ஐந்து நாளில் நான்கு ஏரியும் மூன்று கோட்டையும் எண்ண முடியாத மலைகளும் பார்த்தோம். எல்லாமே அழகு. அழகைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போகும் என்பது எனக்கு அதற்கு முன் தெரியாது. என் வலது முழங்கால் வீங்கியிருந்தது. மகளுக்குக் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. லீவு என்று பெயர், போன் வந்துகொண்டே இருந்தது. நூற்றுமுப்பது கிலோமீட்டர் வேகத்தில் கார் ஓட்டுகிறவளிடம் கேட்கிற கேள்வியா இது? இறங்கினால் கூடாரம் அடிக்க வேண்டும், சின்ன கேஸ் அடுப்பில் சோறு வைக்க வேண்டும். நான் வார்த்தைகளைச் சேர்த்து முடிப்பதற்குள் அவள் தூங்கியிருப்பாள். அவளும் ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொள்வதை இரண்டு முறை கவனித்தேன். நானாகக் கேட்கவில்லை.

ஆறாவது நாள் காலை ஏழு மணிக்குக் கிளம்பி, மலையைக் குடைந்த சாலைகள் வழியாக ஐந்து மணி நேரம் ஓட்டினாள். கூடாரம் அடித்தோம். ஷூவைக்கூடக் கழற்றாமல் படுத்துவிட்டாள். நான் தட்டுகளைப் பொதுத் தொட்டியில் கழுவி எடுத்துக்கொண்டு திரும்பினேன். எங்கள் வரிசையில் எங்களைத் தவிர ஐந்து கூடாரங்களும் ஒரு வேன் வீடும் இருந்தன. எல்லாரும் ஏரியில் குளிக்கப் போயிருந்தார்கள். ஒவ்வொன்றின் முன்னாலும் மரத்துக்கு மரம் கயிறு கட்டித் துணி காயப் போட்டிருந்தது. மொத்தம் ஆறு கொடி.

அப்போது மலைப் பக்கமிருந்து காற்று இறங்கியது. கூடாரத் துணி படபடவென்று அடித்துக்கொண்டது.

இந்த இடத்தில் எங்கள் ஊர் விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சயனைடு கொண்டு தங்கம் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் மண்ணைக் குன்று குன்றாகக் கொட்டி வைத்திருப்பார்கள். நாங்கள் அதைச் சயனைடு மேடு என்போம். ஆடி மாதக் காற்றில் அந்த மண் மாவு போலக் கிளம்பி வரும். ஈரத் துணியில் விழுந்தால் மறுபடி துவைத்தாலும் முழுதாகப் போகாது, உடுத்தினால் அரிக்கும். எனவே லைனில் ஒரு வழக்கம் இருந்தது. காற்று எழும்பினால், வீட்டில் யார் இருக்கிறாரோ அவர் ‘மண்ணு வருது’ என்று கத்திக்கொண்டே லைன் முழுக்க ஓடி எல்லார் வீட்டுத் துணியையும் உருவி ஒரு கட்டிலில் போட்டுவிடுவார். யார் துணி என்றெல்லாம் பார்ப்பதில்லை. சாயங்காலம் அவரவர் வந்து பொறுக்கிக்கொள்வார்கள்.

நான் லைன் வீட்டை விட்டு வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் அந்தக் காற்று முகத்தில் பட்டதும் தட்டுகளைப் புல்லில் வைத்துவிட்டு ஓடினேன். வீங்கிய முழங்கால் அப்போது நினைவில் இல்லை. ஆறு கொடியையும் காலி செய்து எல்லாவற்றையும் எங்கள் கூடாரத்து முன்பகுதியில் கொண்டுவந்து போட்டேன். கத்தினேனா என்று எனக்கு நினைவில்லை. அரைத் தூக்கத்தில் யாரோ தமிழில் ‘மண்ணு வருது’ என்று கத்துவது கேட்டதாகவும், கனவு என்று நினைத்துப் புரண்டு படுத்ததாகவும் மகள் பிறகு சொன்னாள்.

பத்து நிமிடத்தில் காற்று நின்றது. ஒரு பொட்டுத் தூசி இல்லை. புல், தண்ணீர், வெயில் எல்லாம் கழுவி வைத்த மாதிரி இருந்தன. துணிக் குவியலின் முன்னால் நான் உட்கார்ந்திருந்தேன். திரும்பப் போடலாம் என்றால் எது யாருடையது என்று தெரியாது. சும்மா இருக்கவும் முடியவில்லை. துண்டு தனி, சட்டை தனி, உள்ளாடை தனி என்று மடித்து அடுக்க ஆரம்பித்தேன்.

நாலு மணிக்கு ஆட்கள் திரும்பினார்கள். முதலில் ஒரு குடும்பம். வெறும் கொடியைப் பார்த்துவிட்டு அந்த மனிதர் காட்டுக்குள் கொஞ்ச தூரம் போய்த் தேடினார். அடுத்த கூடாரத்துக்காரர்களும் வந்து சேர, யாரோ கேம்ப் அலுவலகத்துக்குப் போய் மேலாளரை அழைத்து வந்தார்கள். எல்லாருமாகப் பத்துப் பேர் இருப்பார்கள். அப்போதுதான் நான் மடித்த துண்டுகளைக் கைகொள்ளாமல் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். எல்லாரும் என் கையைப் பார்த்தார்கள்.

சத்தம் அடங்கியதில் மகள் விழித்துக்கொண்டாள். மன்னிப்புக் கேட்கும் ஜெர்மன் சொல் ஒன்று எனக்குத் தெரியும். அதை அவள் பதினொரு முறை சொன்னாள். மேலாளர் தலையாட்டிவிட்டுப் போனார். ஒருவர் சிரித்தார். ஒருவர் தன் துணிகளை எண்ணிப் பார்த்து எடுத்துக்கொண்டார். இளவயதுப் பெண் ஒருத்தி நன்றி என்று சொல்லி வாங்கிக்கொண்டு, அப்படியே நேராகச் சலவை இயந்திரத்தில் கொண்டுபோய்ப் போட்டாள். அதை நான் பார்த்தேன். நான் பார்த்ததை மகளும் பார்த்தாள்.

அவர்கள் நகர்ந்ததும் அவள் என் பக்கம் திரும்பினாள். ஒன்பது வருடத்தில் அவளுடைய தமிழ் ஊர் வாடை போய் மெருகேறியிருந்தது. கோபம் வந்ததும் கோரமண்டல் தமிழ் வந்துவிட்டது.

“இன்னாம்மா பண்ணி வெச்சிகிற நீ? ஊரான் ஜட்டியெல்லாம் எடுத்து மடிச்சிகினு உக்காந்துகிற. நீ திருடிட்டன்னு நெனச்சாங்க, தெரியுமா?”

“காத்து வந்துச்சி பாப்பா.”

“காத்து வந்தா?”

பெற்ற பிள்ளையிடம் வயதான பிறகு திட்டு வாங்குவதில் ஒரு களைப்பு உண்டு. எதிர்த்துப் பேசவும் தோன்றாது, அழவும் தோன்றாது.

வேன் வீட்டுக்காரம்மா கடைசியாக வந்தார். எழுபத்தைந்து வயதாவது இருக்கும், கையில் தடி. இரண்டு துண்டும் ஒரு இரவு உடையும் அவருடையவை. வாங்கிக்கொண்டு போகாமல், ஏன் எடுத்தீர்கள் என்று என்னிடம் கேட்கும்படி மகளிடம் சொன்னார். அதட்டலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். மகள் சலிப்போடு என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன். சயனைடு மேடு, ஆடிக் காற்று, லைன், கட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மொழிபெயர்த்துக்கொண்டே வந்து நடுவில் நின்றுவிட்டாள். மேடும் மண்ணும் அவளுக்குத் தெரியும், லைன் வழக்கம் தெரியாது. அவள் வளர்ந்த காலத்தில் எங்களுக்குத் தனி மொட்டைமாடி இருந்தது.

“எல்லார் துணியுமா?” என்றாள்.

“எல்லார் துணியும்தான்.”

“உங்களுது மட்டும் எடுத்தா?”

“ஒருதரம் எங்க அம்மா எடுத்துச்சி. ஒரு மாசம் லைன்ல ஒருத்தரும் பேசல.”

இதையும் அவள் ஜெர்மனில் சொன்னாள். அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்து, எங்கள் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு நிறுத்தி நிறுத்திப் பேசினார். மகளும் வாக்கியம் வாக்கியமாகத் தமிழில் சொன்னாள். ‘அவங்க சொல்றாங்க’ என்று முதல் வாக்கியத்தில் சேர்த்தவள், அப்புறம் அதை விட்டுவிட்டாள்.

அவர் பிறந்தது நிலக்கரி ஊராம். அங்கே கரிப்புகை காற்றில் திரும்பினால் அவருடைய அம்மாவும் தெருத் துணியெல்லாம் எடுப்பாராம். இதுவரை எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது.

“எங்க அப்பாவும் சுரங்கத்துலதான் வேல செஞ்சாரு” என்றாள் மகள். “சுரங்கத்த மூடிட்டாங்க. நான் வேலைக்காக வெளிய வந்தேன். அம்மா அங்கயே இருந்தாங்க.”

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எப்ப வரேன்னு அம்மா கேப்பாங்க. அடுத்த வருஷம்னு சொல்வேன். நான் திரும்பிப் போகல.”

அந்த அம்மா பேச்சை நிறுத்திவிட்டார். மடியிலிருந்த துண்டின் ஓரத்தில் நூல் பிரிந்திருந்ததை விரலால் சுற்றிக்கொண்டிருந்தார். அவர் வாய் மூடியிருந்ததை நான் தெளிவாகப் பார்த்தேன். மகள் நிறுத்தவில்லை.

“போகமாட்டேன்னு எனக்கு ரொம்ப நாளாவே தெரியும். அம்மாகிட்ட சொல்ல வாய் வரல. இங்கயே இருக்கறதுக்கு எழுதிக் குடுத்துட்டேன்.”

வேலையில் இருந்த வருடங்களில், ஒருவர் சொன்னது எங்கே முடிகிறது என்று பார்த்து மேற்கோள் குறி போடுவது என் பொறுப்பு. அதில் நான் தவறியதில்லை. அன்று அந்தக் குறியை எங்கே போட வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. போடவில்லை.

மகளிடம் சொன்னேன்: “அவங்ககிட்ட சொல்லு. அவங்க அம்மாவுக்கும் தெரிஞ்சிருக்கும். வருத்தம் இருந்திருக்கும், கோவம் இருந்திருக்காதுன்னு சொல்லு.”

மகள் அதை மொழிபெயர்க்கவில்லை. நான் என்ன சொன்னேன் என்று அந்த அம்மா கேட்டார். அவள் இரண்டு சொல்லில் ஏதோ பதில் சொல்லிவிட்டு, குனிந்து ஷூவைக் கழற்ற ஆரம்பித்தாள். நாடா முடிச்சு வெகுநேரம் அவிழவில்லை.

மீதி இருந்த எட்டு நாளும் ஊர் ஊராகப் போனோம். கூடாரம் அடித்தோம், பிரித்தோம். அந்தப் பேச்சை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. ஆனால் காரில் அவள் பாட்டு வைக்க ஆரம்பித்தாள், நான் தூங்க ஆரம்பித்தேன். ஊர் திரும்பியதும் தம்பியிடம், வீட்டை விற்கப் போவதில்லை, மகளுக்காக இல்லை, நான் இருக்கத்தான் என்று சொல்லிவிட்டேன்.

நேராகக் கேட்டிருந்தால் ‘பாக்கலாம்மா’ என்று சொல்லியிருப்பாள். அதைப் பிடித்துக்கொண்டு நானும் இன்னும் பல வருடம் காத்திருந்திருப்பேன். பதில் கிடைத்ததில் எனக்குக் குறை இல்லை. என்னிடம் ஒரு உண்மையைச் சொல்ல என் மகள் முன்பின் தெரியாத ஒருவரின் வாயைக் கடன் வாங்க வேண்டியிருந்ததே, அந்த அளவுக்கு என் எதிர்பார்ப்பு அவளை அழுத்தியிருந்ததே என்பதுதான் இன்றும் வீட்டு வேலைக்கு நடுவே திடீரென்று நினைவுக்கு வந்து என்னை உட்கார வைத்துவிடுகிறது.