கடைசி அசையில் அழுத்தம்

பசுமலையில் ஒரு பள்ளியில் வாழ்நாள் முழுக்கத் தமிழ் நடத்தியவன் நான். அசை பிரிப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற திமிர் கொஞ்சம் உண்டு. ஸ்பெயினிலிருந்து வந்த மருமகள் அதை ஒரே மாலையில் அடக்கிவிட்டாள்.

அவளுக்கு நான் தமிழ் சொல்லிக் கொடுப்பது, எனக்கு அவள் ஸ்பானிஷ் வினைச்சொற்கள் சொல்லிக் கொடுப்பது என்று ஏற்பாடு. 'ஆப்லோ' என்றால் நான் பேசுகிறேன். பழக்கதோஷத்தில் 'ஆப்' என்று நிறுத்தி 'லோ' என்றேன்.

"இல்ல மாமா, ஆ... ப்லோ" என்று முதல் அசையில் கரண்டியால் சாப்பாட்டு மேசையைத் தட்டினாள். அழுத்தம் கடைசி அசைக்குப் போனால் 'அவன் பேசினான்' ஆகிவிடுமாம். எனக்கோ எல்லா அசையும் ஒன்றுபோலத்தான் வந்தது. "ரோடு ரோலர் ஓட்டுறாரு" என்று வீட்டுக்காரி கிண்டலடிப்பாள்.

ஒரு நாள் காலையில் போன் வந்தது. அங்கே மருமகளின் அம்மா இறந்துவிட்டார். இனி அப்பா தனியாள், இவள் ஒரே பிள்ளை. மகனுக்கு லீவு கிடைக்கவில்லை. விமானம் ஏற்றிவிட மட்டும் கிளம்பினான். இவள் திரும்பி வரமாட்டாளோ என்ற பயம் அப்போதே என்னைப் பிடித்துக்கொண்டது. 'போல்பேராஸ்' என்றால் நீ திரும்பி வருவாய். கடைசி அசையில் அழுத்தம். பாத்ரூமுக்குள் நின்று சொல்லிப் பழகினேன்.

வாசலில் கார் நின்றது. எங்கள் வீட்டில் பழகியபடி அவள் திரும்பி, "மாமா, போயிட்டு..." என்று ஆரம்பித்தாள்.

"சொல்லாதத்தா! துக்கத்துக்குப் போறப்ப சொல்லிக்கிட்டுப் போகக் கூடாது" என்று வீட்டுக்காரி அவள் வாயைப் பொத்தினாள்.

நாங்களும் 'போயிட்டு வா' என்று சொல்லக் கூடாது. சாத்திரம் சம்பிரதாயம் எதையும் மதிக்காதவன் என்று ஊருக்குள் பேரெடுத்த நான் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. கார் போய்விட்டது.

மாதங்கள் ஓடிவிட்டன. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்கிறாள். மகன் அதற்கு மேல் எதுவும் சொல்வதில்லை, எனக்கும் கேட்கத் தைரியமில்லை. போன ஞாயிற்றுக்கிழமை போனை என்னிடம் நீட்டினான்.

"சாப்டீங்களா மாமா?"

"சாப்டேன்த்தா."

"போல்பேராஸ்?" என்று கேட்டேன். கடைசி அசையில் கை தானாக மேசையைத் தட்டியது.



"நல்லா சொல்றீங்க, மாமா" என்றாள்.