பம்பைக்கு மாத்தாள்

எங்கள் ஊரில் பம்பை மேளக் குச்சி ஆண்கள் கையில் தங்காது. அடிக்கும் நாளில் மட்டும்தான் கைக்கு வரும். மற்ற நாளெல்லாம் அடிப்பவன் வீட்டுப் பெண்ணிடம் இருக்கும். மனைவி இருந்தால் மனைவியிடம், இல்லாவிட்டால் தாயிடம். ஆடிக் கிருத்திகைக்கு முன்னால் மேளச் செட்டை நடத்தும் செட்டுக்காரர் வெற்றிலைத் தட்டோடு அந்த வாசலுக்குப் போய் ஆளைக் கேட்க வேண்டும். அவள் குச்சியை எடுத்துக் கொடுத்தால் ஆளையும் கொடுத்ததாக அர்த்தம். திருவிழா முடிந்ததும் அதே கையில் குச்சியைத் திருப்பிக் கொடுத்து, "ஆளை ஒப்படைச்சேன்" என்று சொல்ல வேண்டும். யார் வைத்த வழக்கமோ தெரியாது. சடங்காகச் செய்துகொண்டிருந்தோம்.

என் அக்கா அதைச் சடங்காக எடுத்துக்கொள்ளவில்லை.

எங்கள் ஊர் கே.ஜி.கண்டிகைக்குக் கிட்டே. அப்பாவை நாங்கள் நைனா என்போம். அவர்தான் செட்டுக்காரர். உடுக்கை அடிப்பார். மற்ற நாளில் ஊரார் கிணறுகளில் ஏற்றம் மிதித்துச் சாலில் தண்ணீர் இறைப்பார். பம்பை அடிப்பவர் அக்கா புருஷன், எனக்குப் பாவா. நான் சிலம்பு. காலில் போடுகிற சிலம்பு இல்லை. கையில் பிடித்துக் குலுக்குகிற பித்தளை வளையம். மூன்று பேர், அவ்வளவுதான் செட்டு.

பம்பை என்பது ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்த்துக் கட்டிய இரட்டை மேளம். கனமான சாமான். இடுப்பில் கயிற்றால் இறுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் குச்சி போட வேண்டும்.

திருத்தணி மலையடியில், குளக்கரையில், கிருத்திகையன்று காலையில் போட்டி நடக்கும். பூக்காவடி கொண்டுவந்த ஊர்களின் செட்டுகள் எதிரும் புதிருமாக நின்று அடிக்கும். கட்டிய பம்பை தரைக்கு வரக் கூடாது. சத்தம் நிற்கக் கூடாது. பம்பை இடுப்பில் இருக்கிறவரை தண்ணீர் கிடையாது, அது விரதம். கடைசிவரை தரைக்கு வராத பம்பைக்குப் பூக்கடைக்காரர் ஒரு மாலை சாத்துவார். அந்தச் செட்டு முன்னே படியேறும். மற்றவர்கள் பின்னால்.

போன வருஷம் நாங்கள் ஜெயித்தோம். மலை இறங்கும்போது பாவா விழுந்தார். வண்டியில் கிடத்திக் கொண்டுவந்தோம். நைனா மாலையும் குச்சியுமாக வாசலில் நின்று, "ஆளை ஒப்படைச்சேன்" என்றார். ஆள் வண்டியில் கண் மூடிக் கிடந்தார். இடுப்பில் கயிறு அறுத்த புண். மறுநாள் முழுக்க அவருக்குச் சிறுநீர் இறங்கவில்லை. அக்கா நீர்மோரும் இளநீருமாக ஊற்றிக்கொண்டிருந்தாள். அப்புறம் இறங்கியது. சிவப்பாக இறங்கியது. தேறி எழ நாளாயிற்று. ஊரில் ஜெயித்த பேச்சுதான் நடந்தது.

இந்த வருஷம் நைனா வெற்றிலைத் தட்டோடு போனார். நானும் கூடப் போனேன். அக்கா நெல் குத்திக்கொண்டிருந்தாள்.

"வா நைனா. கூழு இருக்குது, குடிக்கிறியா?"

"கூழுக்கு வரல. வெத்தல வாங்கு."

"நைனாவா வந்தா கூழு ஊத்தறேன். செட்டுக்காரரா வந்தா வாசல்லயே நில்லு. கேக்க வேண்டியது இருக்குது."

உள்ளே வைத்த காலை நைனா வெளியே எடுத்துக்கொண்டார்.

"போன வருசம் ஆளைக் குடுத்தேன். நீ இன்னா ஒப்படைச்சே?"

"ஜெயிச்சினு வந்தோமில்ல?"

"மாலையை யார் கேட்டது?"

பாவா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "வுடு. எனக்கு ஒண்ணும் ஆவல."

"நீ சும்மா கெட பாவா. ஒப்படைக்கிற சாமான் வாயத் தொறக்கக் கூடாது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நைனாவுக்கும் வந்தது. மீசைக்குள் அடக்கிக்கொண்டார்.

"இப்ப இன்னா பண்ணணும்ங்கறே?"

"ஏத்தம் மிதிக்கிறவனுக்கு மாத்தாள் உண்டா, இல்லியா?"

"ஆங், உண்டு."

"பம்பைக்கு?"

"எறக்குனா தோல்விம்மா."

"அப்ப தோத்துட்டு வா."

அவள் உலக்கையை எடுத்துக்கொண்டாள். நைனா தட்டைத் திருப்பிக்கொண்டு நடந்தார். வெற்றிலை திரும்பி வந்ததை எங்கள் ஊரில் அதற்குமுன் யாரும் பார்த்ததில்லை. பாவாவை விட்டால் காவடி முழுக்கப் பம்பை அடிக்க வேறு ஆள் இல்லை; எனக்குக் கொஞ்ச நேரம் தட்ட மட்டும்தான் தெரியும். பம்பை இல்லாமல் காவடி கிளம்பாது. எதிர்ச் செட்டைக் கூப்பிட்டு எங்கள் காவடிக்கு அடிக்கச் சொல்ல வேண்டும். நைனா அதைவிட மொட்டையடித்துக்கொண்டு காசிக்குப் போய்விடுவார்.

மறுநாள் ஏற்றத்தில் நைனாவை மாற்ற நான் மேலே ஏறினேன். அவர் இறங்கவில்லை. ஏற்ற மரத்தின் பாதியில் நின்று என்னைப் பார்த்தார்.

"ஆள் மாறும்போது சால் நிக்குதாடா?"

"நிக்கல."

"பம்பை தரைக்கு வரக் கூடாது. சரி. ஒரே இடுப்புல இருக்கணும்னு எவனாச்சும் சொல்லிகிறானா?"

யோசித்தேன். யாரும் சொன்னதில்லை.

அன்றைக்கே களத்துமேட்டில் ஆள் மாற்றிப் பழக ஆரம்பித்தோம், பம்பைக் குச்சி அக்காவிடம் இருந்ததால் புளியங்குச்சியை வைத்துக்கொண்டு. இடுப்புக் கயிற்றின் முடிச்சை அவிழ்க்க நேரம் பிடித்தது. நைனா மாடு பூட்டுகிற மாதிரி கயிற்றில் வளையம் வைத்து, ஒரு சின்னக் கட்டையைச் செருகினார். கட்டையை உருவினால் பம்பை கழன்றுவிடும். பாவா இடது குச்சியால் அடித்துக்கொண்டே இருக்க, நான் வலது குச்சியை வாங்குவேன். நைனா கட்டையை உருவி என் இடுப்பில் பூட்டுவார். அப்புறம் இடது குச்சியும் எனக்கு வரும். என் சிலம்பு பாவாவுக்குப் போகும். ஒரு கையால் சிலம்பு குலுக்கலாம், மறு கையால் தண்ணீர் குடிக்கலாம்.

சொல்வதற்குச் சுலபம். முதல் தடவை நைனா கட்டையை உருவியபோது பாவாவின் வேட்டியும் சேர்ந்து வந்துவிட்டது. இரண்டு கையிலும் குச்சி. சத்தம் நிற்கக் கூடாது. பாவா கோவணத்தோடு நின்று அடித்துக்கொண்டே இருந்தார்.

களத்து ஓரத்தில் அக்கா நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ.

"அரோகரா!" என்றாள்.

நைனா வைக்கோல் மேல் உட்கார்ந்து சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

கடைசியில் கை பழகிவிட்டது. நைனா மறுபடி தட்டு எடுத்தார். அக்கா குச்சியைக் கொண்டுவந்தாள், ஆனால் உடனே விடவில்லை. ஒரு முனை அவள் கையில், மறுமுனை நைனா கையில்.

"தாகம்னு அவரு சொன்னா மாத்தணும். நீ சொல்ற வரைக்கும் காத்தினு இருக்கக் கூடாது."

"சரி."

"வாய்ல சொல்றியா, மனசுல சொல்றியா?"

"குடும்மா, வெத்தல வாடுது."

கொடுத்தாள்.

அது யுத்தக் காலம். ரயிலில் இடம் கிடைக்காது. இருந்தும் கூட்டத்துக்குக் குறைவில்லை. வண்டி கட்டியும் நடந்தும் வந்தார்கள். தமிழில் பாதி, தெலுங்கில் பாதி சத்தம். குளக்கரை முழுக்கப் பூ வாசனையும் கற்பூரப் புகையும்.

எங்களுக்கு எதிரே பள்ளிப்பட்டுப் பக்கத்துச் செட்டு. அதன் செட்டுக்காரர் பெரிய உருவம், பெரிய தொண்டை. வெயில் ஏற ஏற மற்ற செட்டுகள் ஒவ்வொன்றாகப் பம்பையை இறக்கின. நாங்கள் இரண்டு செட்டும்தான் மிச்சம். பாவா உதட்டை நக்கினார். நைனாவைப் பார்த்தார். நைனா கேள்வி கேட்கவில்லை. உடுக்கையைக் கக்கத்தில் செருகிக்கொண்டு கட்டையை உருவினார்.

பம்பை என் இடுப்புக்கு வந்தது. சத்தம் கொஞ்சம் மெலிந்தது, நிற்கவில்லை. வேட்டியும் நின்றது. பாவா சிலம்பைக் குலுக்கிக்கொண்டே சொம்பைக் கவிழ்த்தார். தண்ணீர் கழுத்தில் வழிந்தது.

எதிர்ச் செட்டுக்காரப் பெரியவர் கத்தினார். "இன்னாய்யா இது! ஏத்தம் எறைக்கவா வந்தீங்க? ரெண்டு பேரும் கட்டிப் புடிச்சினு நிக்கிறீங்க!" பூக்கடைக்காரரைக் கையைப் பிடித்து இழுத்துவந்தார். "ஞாயமா கேளுங்க."

பூக்கடைக்காரர் இரண்டு ஊருக்கும் பூ விற்கிறவர். யாரையும் பகைத்துக்கொள்ள மாட்டார்.

"பம்பை தரையைத் தொட்டுச்சா?"

"தொடல."

"சத்தம் நின்னுச்சா?"

"நிக்கல. ஆளு மாறிட்டான்யா!"

"மாலை நான் பம்பைக்குத்தான் சாத்தறேன். ஆளுக்கா சாத்தறேன்?"

கூட்டம் 'அரோகரா' போட்டது.

அப்போதுதான் பெரியவருடைய பம்பைக்காரன் ஆடினான். நிற்கிற ஆட்டம் இல்லை, விழுகிற ஆட்டம். கண் மேலே செருகியது. கை மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. பெரியவர் ஓடிப்போய் கயிற்றில் கை வைத்தார். வியர்வையில் ஊறிய முடிச்சு, அவிழவில்லை.

நைனா உடுக்கையைப் பாவாவிடம் வீசிவிட்டுக் குறுக்கே ஓடினார். அந்தப் பம்பைக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்துத் தாங்கினார்.

"நான் புடிச்சிக்கிறேன், தரைக்கு வராது. நீ முடிச்சப் பாருய்யா!"

பெரியவர் முழங்கால் போட்டுப் பல்லால் முடிச்சைக் கடித்து இழுத்தார். நைனா தாங்கியபடியே, "எருமைக் கட்டுக் கட்டிகிறியே, இதை எவன் கட்டுனான்?" என்றார்.

"நான்தான்" என்றார் பெரியவர், வாயில் கயிறோடு.

முடிச்சு விட்டது. பெரியவரே பம்பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு அடிக்க ஆரம்பித்தார். அவருக்கு அடிக்கத் தெரியவில்லை. சத்தம் மட்டும் நிற்கவில்லை. பாவா போய் அந்த ஆளை நிழலில் சாய்த்து, சொம்பில் தண்ணீர் மொண்டு வாயில் வைத்தார்.

உச்சி வேளை வந்தது, போட்டி அதோடு முடியும். எந்தப் பம்பையும் தரைக்கு வரவில்லை. பூக்கடைக்காரரிடம் ஒரு மாலைதான் இருந்தது. அவர் இதையும் பார்த்தார், அதையும் பார்த்தார். நாரைப் பிய்த்துப் பூவை உதிர்த்து இரண்டு பம்பை மேலும் கொட்டிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். இரண்டு செட்டும் பக்கம் பக்கமாகப் படியேறினோம். வலது பக்கம் யார் என்று மேலே போகிறவரை நைனாவும் பெரியவரும் சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள். படியில் நானும் பாவாவும் மாறி மாறித் தூக்கினோம். பாதி வழியில் பெரியவர் மூச்சு வாங்கிக்கொண்டே, "அந்தக் கட்டையக் கொஞ்சம் காட்டுய்யா" என்றார். நைனா காட்டினார்.

வீட்டுக்கு வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. அக்கா வாசலில் நின்றாள். பக்கத்து வீட்டுப் பெண்களும் நின்றார்கள். நைனா குச்சியை நீட்டினார்.

"ஆளை ஒப்படைச்சேன்."

அக்கா வாங்கவில்லை. பாவாவைப் பக்கவாட்டில் திருப்பினாள். இடுப்பில் கயிறு பட்ட இடத்தைப் பார்த்தாள். சிவந்திருந்தது, அறுக்கவில்லை. உதட்டைப் பார்த்தாள்.

"ஒண்ணுக்குப் போச்சா?"

அத்தனை பேர் எதிரில் கேட்டாள். பாவா தரையைப் பார்த்தார்.

"ரெண்டு தபா" என்றார்.

அக்கா குச்சியை வாங்கிக்கொண்டாள்.