மெட்டி விரல் நகம்

அறுபதுகளின் கடைசியில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. என் முழங்கையிலும் முழங்காலிலும் தோல் செதில் செதிலாக உதிரும். டாக்டர் அதற்குச் சொரியாசிஸ் என்று பெயர் சொன்னார். எங்கள் வீட்டில் உடம்புச் சூடு என்போம். மாப்பிள்ளை வீட்டிலும் சூடு என்றே சொல்லி வைத்திருந்தோம்.

சேலையால் எல்லாவற்றையும் மூடிவிடலாம், ஒரு கால் நகத்தைத் தவிர. கட்டைவிரலுக்கு அடுத்த விரலில் அது மஞ்சளாகத் தடித்து, தேங்காய்ச் சில்லு மாதிரி நிமிர்ந்து நின்றது. மெட்டி போடுகிற விரலே அதுதான். ஊரே பார்க்க மாப்பிள்ளை குனிந்து அந்த விரலைப் பிடிப்பார். பிடித்த கையோடு எழுந்து தன் ஊரான கீழச்சிவல்பட்டிக்கே போய்விடுவார் என்று பயந்து செத்தேன்.

நகத்தைக் காட்டக் காரைக்குடி டாக்டரிடம் போவதற்கு முந்தின நாள், அம்மா விரலை வெந்நீரில் ஊறவைத்துக் கருங்கல்லில் தேய்தேய் என்று தேய்த்தாள். "டாக்டரு முன்னாடி இந்தக் கண்றாவியவா நீட்டுவே?"

டாக்டர் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல பூஞ்சைக் காளானும் சேந்திருக்கான்னு சுரண்டி எடுத்துப் பாக்கணும். சுரண்ட நகத்தக் காணோமே?"

"சுத்தமாத் தேச்சுட்டேங்கய்யா" என்றாள் அம்மா பெருமையாக.

"அப்ப வளத்துக் கூட்டிட்டு வாங்க. இனிமே கல்லுல தேய்க்காதீக, காயம் பட்டா சொரியாசிஸ் கூடத்தான் செய்யும்."

அன்று முதல் என் நகம் வீட்டுப் பயிர் ஆனது. வயலிலிருந்து வந்ததும் அப்பா, "இன்னிக்கி எம்புட்டு?" என்பார். அண்ணன் எரு வைக்கச் சொன்னான். எனக்கு அவனைக் கடித்து வைக்கலாம் போல் ஆத்திரம் வரும்.

ஒருவழியாகச் சுரண்டிப் பார்த்ததில் காளானும் இருந்தது. மாத்திரை கொடுத்த டாக்டர், புது நகம் முழுதாக வளர ஒரு வருடம் ஆகும் என்றார். கல்யாணத்துக்கு ஒரு மாதம்தான் இருந்தது.

"ஒரு மாசத்துல வளர்ற மாத்திர இல்லீகளா?" என்று அம்மா கேட்டாள்.

கடைசியில் பத்துக் கால்விரலுக்கும் மருதாணி அப்பினாள். ஒன்பது நகம் அழகாகச் சிவந்தது. அது மட்டும் கருப்பாகி இன்னும் எடுப்பாகத் தெரிந்தது.

மணமேடையில் மாப்பிள்ளை என் காலை எடுத்து அம்மி மேல் வைத்தார். அவர் கை அந்த நகத்தில் நின்றுவிட்டது.

"சூடுதான் மாப்பிள்ள, வெறும் சூடு!" பின்னாலிருந்து அம்மா கத்தினாள்.

அவர் நிமிரவில்லை. "வலிக்குதா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

அத்தனை பேர் அந்த விரலைப் பார்த்தாயிற்று, அளந்தாயிற்று. இதை ஒருவரும் கேட்டதில்லை.

"ஆமா, வலிக்குது" என்று சொல்லி, அவ்வளவு பேர் முன்னால் ஓவென்று அழுதுவிட்டேன்.