ஏசி இல்லாத ஏசி அறை

நெடுந்தீவிலேயே பெரிய ஹோட்டல் எங்கடைதான். அறை இரண்டு. விளம்பரத்தில் ஏசி என்று நான்தான் போட்டனான். வாங்குகிற யோசனை இருக்குது, பிறகெப்படிப் பொய்யாகும்?

இன்று கொழும்பிலிருந்து ஒரு தங்கச்சி கைக்குழந்தையோடு வந்தா. வந்தவுடன் கரண்ட் போய் ஃபானும் நின்றிட்டுது. குழந்தை வெக்கையில் வீறிட்டது.

"அண்ணை, ஏசி எங்கே? பின்னேரப் படகில் திரும்பிப் போறன். இன்டர்நெற்றில் எல்லாம் எழுதுவன்!"

என் மனிசி குழந்தையை வாங்கி மடியில் போட்டு ஓலை விசிறியால் விசிறினா. குழந்தை நித்திரை. தாயும் பக்கத்திலேயே நித்திரை. படகும் போயிட்டுது, மனிசி கையை நிறுத்தேல்லை.

இப்பதான் நெற்றில் ஐந்து நட்சத்திரம் விழுந்திருக்கு: "ஏசி இல்லை. அக்கா இருக்கிறா."

இதுதான் ஐயா வியாபாரத் தந்திரம்!

மனிசிக்குக் கை தூக்க ஏலாது. எந்தத் தைலம் நல்லதெண்டு சொல்லுங்கோ. பூசிவிடப் போறது முதலாளி நான்தான்.