பதினான்கு நாள் மூடியிருந்த ஜன்னல்

கேய்னர் கோக்லி பதினாறு வயதில் பீங்கான் தொழிற்சாலைக்குப் போன பெண்மணி. நாற்பது வருஷம் தட்டுகளுக்குப் பூ ஒட்டினார். இங்கிலாந்தின் பர்ஸ்லெமில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்தத் தொழிற்சாலை கதவைச் சாத்தியது. ஆளுக்கொரு தேநீர்க் குவளை கொடுத்து அனுப்பினார்கள். அவருக்கு வாய்த்ததில் கைப்பிடி கோணல்.

உதவித்தொகை வாங்கிக்கொண்டு கொஞ்ச நாள் வேலை தேடினார். அப்புறம் முன்னறை சோஃபாவை விற்று, அந்த இடத்தில் பெரிய இரும்புக்கல்லைப் போட்டார். தெருப்பக்க ஜன்னலின் கீழ்க் கண்ணாடியை மேலே தள்ளினால் கடை திறந்தாயிற்று. ஓட்ஸ் ரொட்டி சுட்டு, உள்ளே சீஸும் பன்றி இறைச்சியும் வைத்துச் சுருட்டித் தருவார். நான் பக்கத்து வீடு. விடியற்காலையில் சுவர் வழியாகக் கேட்கும்: மாவு விழும் சத்தம், ஒரு மௌனம், கரண்டி சுரண்டுவது.

சொந்தத் தொழில் தொடங்குகிறவருக்கு உதவித்தொகை அலுவலகம் ஒரு வருஷம் அவகாசம் தரும். அந்த வருஷம் வருமானம் குறைந்தால் உதவி கிடைக்கும். வீட்டு வாடகையும் அதிலிருந்துதான். வருஷம் முடிந்ததும் நீங்கள் முழுச் சம்பளம் சம்பாதிப்பதாக அவர்களே வைத்துக்கொள்வார்கள். நிஜமாகவே சம்பாதித்தீர்களா என்று ஒருவரும் கேட்க மாட்டார்.

செப்டம்பரில் ஆரம்பித்தார். அடுத்த ஜூனில் சனிக்கிழமை வரிசை தெருமுனைத் தபால்பெட்டியைத் தொட்டது. வருகிற செப்டம்பரிலிருந்து தினமும் வாங்கிக்கொள்கிறோம் என்று இரண்டு தேநீர்க்கடைகள் சொல்லியிருந்தன. "இன்னும் மூணே மாசம். அதுக்கப்புறம் யார் மூஞ்சியையும் பாக்க வேண்டாம்" என்பார். அந்த மூன்று மாதத்தைத்தான் அவரிடமிருந்து பிடுங்கினார்கள்.

ஜூன் கடைசியில் பாட்டர்ஸ், அதாவது பீங்கான் தொழிலாளர் விடுமுறை. ஒரு காலத்தில் சூளைகளை அணைத்துவிட்டு ஊர் மொத்தமும் இரண்டு வாரம் கடற்கரைக்குப் போனது. சூளைகள் போய்விட்டன, ஜனங்கள் இன்னும் போகிறார்கள். கேய்னர் போகவில்லை. ஆனால் ஜன்னலை இறக்கினார். அந்த இரண்டு வாரம் எங்கள் ஊரில் கடை திறக்கிற வழக்கமே கிடையாது. கல்லைத் தேய்த்தார், ஜன்னல் சட்டத்துக்குப் பச்சை வண்ணம் பூசினார், புது மாவுக் கலவை இரண்டைச் சுட்டுப் பார்த்து எனக்குக் கொடுத்தார்.

மாதாமாதம் இணையத்தில் அலுவலகத்துக்கு எழுத வேண்டும். அவருக்குத் திரையைப் பார்த்தால் கண் கூசும். தட்டித் தருவது நான்தான்.

"எழுது கண்ணு. ரெண்டு வாரம் கடை மூடியிருந்துச்சு. பாட்டர்ஸ்."

எழுதினேன். எனக்கும் உறுத்தவில்லை. நேற்று மழை பெய்தது என்று எழுதுவது போலத்தான் இருந்தது.

ஒரு வாரத்தில் நேரில் வரச்சொல்லி அழைப்பு. துணைக்குக் கூப்பிட்டார், போனேன். காத்திருக்கும் இடத்தில் டெஸ் மேச்சின் உட்கார்ந்திருந்தார். ஜன்னல் கண்ணாடி துடைக்கிறவர், அவரும் அவகாச வருஷத்தில்தான் இருந்தார். விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மூடியிருந்துச்சுன்னா எழுதுனே? அடிப் பைத்தியமே!"

"மூடித்தானே இருந்துச்சு?"

"மழை பெஞ்சா நான் வீட்ல படுத்துத் தூங்குவேன். என்ன எழுதுவேன் தெரியுமா? சந்தை ஆய்வு. நீ ஜன்னலுக்கு வண்ணம் அடிச்சியே, அது கடையை மேம்படுத்துறது. இவன் நெறைய படிக்கிற பையனாச்சே, இவனுக்குமா தெரியல?"

அதற்குள் கேய்னரின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

உள்ளே இருந்தவர் பெயர் ஏட்ரியன். தெற்கே எங்கிருந்தோ மாற்றலாகி வந்து நாலு மாதம் ஆகிறது. நல்ல புன்னகை. கடைசி வரை அது முகத்தை விட்டு இறங்கவில்லை.

"பதினாலு நாள் வியாபாரமே இல்ல. ஏன்னு சொல்ல முடியுமா?"

"பாட்டர்ஸ்."

"அது அரசு விடுமுறை இல்லையே."

"எங்க விடுமுறை. சூளை அணைஞ்சா ஊர் கிளம்பிரும்."

"சூளைதான் இப்ப இல்லையே?"

"ஜனங்க இருக்காங்கல்ல?"

"இருந்தாலும் கடையைத் திறந்து வெச்சிருக்கலாம்."

"திறந்து யாருக்கு விக்க? புறாவுக்கா?"

ஏட்ரியன் ஏதோ தட்டச்சு செய்தார். தொழில் 'தொடர்ச்சியாக நடக்கிறதா' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் 'இல்லை' விழுவதை நான் இருந்த இடத்திலிருந்தே பார்த்தேன். கேய்னர் அந்தப் பதினாலு நாளும் வேலை பார்த்தார், நான் பார்த்தேன், அந்த ரொட்டியைத் தின்றேன் என்று சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கு எனக்கிருக்கும் கோபத்தில் பாதி அந்த ஒரு நிமிஷத்தின் மேல்தான்.

அவகாசம் முடிந்தது என்றார். இனிமேல் வாரத்துக்கு முப்பத்தைந்து மணி நேரம் வேலை தேட வேண்டும். திங்கள் முதல் வெள்ளி வரை காலை ஒன்பதிலிருந்து ஒன்றரை வரை ஒரு பயிற்சி. வராவிட்டால் பணம் நிற்கும்.

"என்ன பயிற்சி?"

"வேலைக்குத் தயாராவது எப்படின்னு."

"தம்பி, உங்க அம்மா பொறக்கும்போதே நான் வேலைக்குப் போய்க்கிட்டிருந்தேன்" என்றார் கேய்னர். கணக்குச் சரியாக வராது. ஆனால் அவர் சொன்னது பொய்யுமில்லை.

மறுபரிசீலனைக்கு மனுப் போட்டோம். அந்தச் சனிக்கிழமை வரிசையில் நின்ற எல்லாரும், எந்தக் கடற்கரையில் எத்தனை நாள் இருந்தோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். "ரில் கடற்கரையில் கேரவன் வண்டி, பதினோரு நாள் மழை" என்று ஒருவர் எழுதினார். "நான் ஊரில் இல்லாதபோது அந்தம்மா யாருக்குச் சுடும்?" என்று இன்னொருவர். அறுபத்துமூன்று பேர். மனுவில் மற்றதையெல்லாம் எழுதியது நான். பேச வராதவனுக்கு எழுத மட்டும் எப்படியோ வந்துவிடுகிறது.

பதில் வர மூன்று வாரம் ஆனது. அதுவரை அவர் பயிற்சிக்குப் போனார். வேலை நாட்களில் ஜன்னல் திறக்கவில்லை. கை குலுக்குவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார்களாம். ஒரு நாள் 'என் கனவு' என்று தாளில் படம் வரையச் சொன்னார்கள். தட்டுக்கு ஒட்டும் ரோஜாவை வரைந்து வைத்துவிட்டு வந்தார். இதற்குள் தேநீர்க்கடைகளில் ஒன்று வேறிடத்தில் வாங்க ஆரம்பித்திருந்தது. சனிக்கிழமை வரிசை பாதியானது. பூட்டிய ஜன்னலைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவர்கள், திறந்திருந்த நாளிலும் வரவில்லை.

பதில் நான்கு வரி. முடிவில் மாற்றமில்லை. வாடிக்கையாளர் விடுமுறையில் இருந்தது விண்ணப்பதாரர் வேலை செய்ததற்கு ஆதாரமாகாது.

கேய்னர் இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். பிறகு, "மூடிரு" என்றார்.

"கடையையா?"

"கடையை ஏன்டா மூடுறேன்? அவங்க கணக்கை மூடு."

"வாடகைக்கு என்ன பண்ணுவீங்க?"

"சாயங்காலம் பள்ளிக்கூடம் பெருக்க ஆள் கேக்குறாங்க. பெருக்குறேன்."

உதவித்தொகையை நிறுத்துவதற்கும் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. திரையில் ஒரு பட்டியல் கொடுத்திருந்தார்கள்: வேலை கிடைத்தது, வருமானம் உயர்ந்தது, வெளிநாடு போகிறேன், இறப்பு. எங்கள் காரணம் அதில் இல்லை. எதையாவது தொட்டால்தான் அடுத்த பக்கம் போகும். 'வேலை கிடைத்தது' என்பதைத் தொட்டேன்.

இப்போது நாலு மணிக்கு எழுந்து மாவு கரைக்கிறார். ராத்திரி ஒன்பதுக்கு வகுப்பறை பெருக்கிவிட்டு வருகிறார். சுவருக்கு அப்பால் மாவு விழுவதற்கும் கரண்டி சுரண்டுவதற்கும் நடுவே அந்த மௌனம் நீண்டுகொண்டே போகிறது. நின்றபடியே கண்ணயர்கிறாரோ என்று காது கொடுத்துப் படுத்திருப்பேன்.

போன புதன்கிழமை காலை, ஜன்னல் முன் ஆறேழு பேர் நிற்கும்போது, ஏட்ரியனிடமிருந்து தொலைபேசி. கை முழுக்க மாவு என்பதால் ஒலிபெருக்கியில் போட்டார். எல்லாருக்கும் கேட்டது.

"வாழ்த்துகள் மேடம்! எங்க பதிவுல உங்களைச் சொந்தக் காலில் நின்றவர்னு சேர்த்திருக்கோம். இந்த மாசம் எங்க கிளைக்கு நீங்கதான் முதல் ஆள்."

"என் பேரை அதுலேர்ந்து எடு."

"அப்படி எடுக்க வழியில்லையே மேடம்."

வரிசையில் யாரோ அசிங்கமாகத் திட்டினார். கேய்னர் கரண்டியைக் கல்லோரமாக வைத்தார்.

"அப்ப நீ இங்க வா. வந்து இந்த வரிசையில, கடைசியில நில்லு. உன் முறை வரும்போது, உன்கிட்ட விக்க மாட்டேன்னு நான் சொல்லணும்."