அமராவதி நீட்டிய சந்தனத் தட்டு

அமராவதியை அடக்கமான பெண் என்று யாராவது சொன்னால் புக்கிட் ரோத்தான் தோட்டமே கைகொட்டிச் சிரிக்கும். ஆட்களை விரட்டி வேலை வாங்கும் மண்டோரே அவள் வாய்க்குப் பயந்து ஒதுங்கிப் போவார். அந்த வாயை அவள் ஒரே ஒரு நாள்தான் மூடிக்கொண்டாள். கோலசிலாங்கூர்ப் பக்கம் இருந்த பெண்கள் கல்லூரியில் இடம் கேட்கப் போன நாள் அது.

கல்லூரி வாசலில் ஒரு பித்தளைப் பலகை உண்டு. மலாய், சீனர், இந்தியர் என்று மூன்று இனத்துப் பெண்களுக்கும் சம இடம், அதிலும் இந்த வட்டாரத்துப் பெண்களுக்கே முதல் இடம் என்று ஆரம்பித்தவர்கள் பொறித்து வைத்த வாக்கு. தினமும் அதைத் துடைத்துப் பளபளவென்றுதான் வைத்திருந்தார்கள். எண்பத்து நான்கில் உள்ளே எட்டிப் பார்த்தால், கோலாலம்பூரிலிருந்து காரில் வந்து இறங்கும் பிள்ளைகள்தான். இந்தியப் பெண் என்று ஒருத்தி இருந்தாள். அவளும் வக்கீல் மகள்.

முதல்வர் சிவானந்தம் தமிழர்தான். அதுதான் வயிற்றெரிச்சல்!

"எஸ்டேட் பிள்ளைங்க பாதியிலயே கல்யாணம்னு ஓடிருவீங்க. சீட்டை வீணாக்க முடியாது" என்றவர், பெரிய மனசு பண்ணி, "விடுதி சமையல்கட்டுல ஆள் வேணும், சேர்ந்துக்கிறியா?" என்று கேட்டார்.

சேர்ந்தாள். சட்டி கழுவும் ஆசையிலா? அந்த மனிதரின் கண்ணைத் தினமும் உறுத்திக்கொண்டே இருப்பதற்கு.

ஆண்டு விழாவுக்குப் பெரிய அதிகாரி வருவார். வாசலில் இனத்துக்கு ஒரு மாணவி அவரவர் உடையில் நின்று வரவேற்க வேண்டும். இந்தியப் பெண் கையில் சந்தனத் தட்டு. அந்த வருடம் விழாவன்று காலையில் வக்கீல் மகளுக்கு அம்மை போட்டுவிட்டது. சிவானந்தம் பட்டுச்சேலையோடு சமையல்கட்டுக்கு ஓடி வந்தார்.

"அமராவதி, அம்மா, சீக்கிரம் கட்டிக்கோ!"

அம்மாவாம்! நேற்று வரை 'ஏய்'.

"யாரா நிக்கணும் சார்?"

"ஸ்டூடண்டாத்தான்."

"அப்ப சீட்டு குடுங்க."

"இதைப் பேசற நேரமா இது?"

"குடுத்தா சேலை. இல்லாட்டி எனக்குச் சட்டி கெடக்கு."

வெளியே கார் ஹாரன் அடித்தது. "சரி, தர்றேன்! போய்த் தொலை!"

போய்த் தொலை என்று கொடுத்த வாக்கு விழா முடியும்வரை தாங்குமா? தோட்டத்து லயத்து வீட்டில் வளர்ந்தவளுக்கு இது தெரியாதா? அங்கே சம்பந்தம் பேசும்போது யார் எத்தனை முறையும் பேச்சு மாற்றலாம். சபையில் தட்டு கை மாறிவிட்டால் முடிந்தது. அதற்குப் பிறகு மாறுகிறவன் வீட்டு வாசலை யாரும் மிதிக்க மாட்டார்கள்.

அதிகாரி சந்தனம் தொட்டு வைத்துக்கொண்டு, என்ன படிக்கிறாய் என்று மலாயில் கேட்டார். எல்லார் காதிலும் விழும்படி அவளும் மலாயில் சொன்னாள்: "நேத்து வரைக்கும் இங்க சட்டி கழுவினேன், துவான். திங்கக்கிழமையிலேருந்து இங்கயே வணிகம் படிக்கிறேன். இப்பத்தான் முதல்வர் வாக்குக் குடுத்தாரு. எங்க வழக்கப்படி வாக்குக் குடுத்தவர் தட்டை வாங்கிக்கணும்."

சொல்லிவிட்டுத் தட்டைச் சிவானந்தத்தின் முன் நீட்டினாள். கல்லூரியை ஆரம்பித்த கிழவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதிகாரி முந்திக்கொண்டு கைதட்டினார். சிவானந்தம் வாங்காமல் என்ன செய்வார்? இரண்டு கையாலும் வாங்கினார்.

"நீ எப்படிப் பாஸாகிறேன்னு பாக்கறேன்டி" என்று பல்லைக் கடித்தார்.

"நல்லா பாருங்க. முன் வரிசையிலதான் உக்காருவேன்."

உட்கார்ந்தாள். படித்து முடிக்கும்வரை அவர் அவளுக்கு ஒரு வணக்கம்கூடத் திருப்பிச் சொல்லவில்லை. அவளும் வைப்பதை நிறுத்தவில்லை. தேறி, ரவாங்கில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள்.

சில வருடம் கழித்து அங்கே தொலைபேசி வந்தது. சிவானந்தமேதான். குரலில் தேன் ஒழுகியது.

"நம்ம காலேஜோட பெருமையே நீதானம்மா. விழாவுக்கு வந்து தட்டு ஏந்தணும்."

"எனக்கு அப்புறம் எத்தனை தோட்டத்துப் பிள்ளைய சேர்த்தீங்க சார்?"

சிவானந்தம் விழாத் தேதியைச் சொல்ல ஆரம்பித்தார்.

"அப்ப தட்டை நீங்களே வச்சிருங்க சார். அன்னிக்கு உங்க கையிலதான குடுத்தேன்" என்று சொல்லி அமராவதி போனை வைத்தாள்.